ஏலாதென்று சொல்லாத மனிதர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பயம் என்று நினைக்க வேண்டாம். பெயரை எழுதினால் வவுனியாவில் பாதிப் பேர், "அந்தத் தங்கமான மனிசனையோ இப்பிடி எழுதிப்போட்டியள்?" என்று என்னோடு சண்டைக்கு வருவார்கள். மற்றப் பாதிப் பேர் அவரிடம் வீட்டுக்கடன் கேட்டுப் போனவர்கள். அவர்களுக்குப் பெயர் தேவையில்லை. "இன்னும் ஒண்டே ஒண்டுதான்" என்று நான் தொடங்கினாலே ஆளைப் பிடித்துக்கொள்வார்கள்.

வங்கியில் கடன் பகுதியின் மூலை மேசை அவருடையது. வெள்ளை அரைக்கைச் சேட்டு, நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று, அதற்குக் கீழே ஒரு சந்தனப் பொட்டு. குரல் எப்போதும் தாலாட்டுப் பாடுகிற சுருதியில் இருக்கும். நான் ஆஸ்பத்திரியில் தாதி. காலையில் சீருடை போட்டதிலிருந்து கழற்றும்வரை, "மிஸி இஞ்சை வாங்கோ, மிஸி அங்கை ஓடுங்கோ" என்பதுதான் என் காதில் விழும். அப்படிப்பட்ட என்னைக் கண்டதும் ஒரு மனிதர் எழுந்து நின்று, கதிரையை இழுத்துப் போட்டு, "இருங்கோ மிஸி, வெய்யிலுக்கை வந்திருக்கிறியள், முதல் தண்ணி குடியுங்கோ" என்றால் மனம் இளகாதா? இளகியது. அந்தக் கதிரையில் இருந்த அன்றே நான் ஏமாந்து போனேன். வங்கிகளில் சிடுசிடுவென்று விழுகிறவர்களைக் கண்டால் இப்போது எனக்குப் பெரிய மரியாதை.

அவர் பேனை பிடித்து எழுதி நான் கண்டதில்லை. எல்லாம் பென்சில். சேட்டுப் பையில் இரண்டு பென்சில்கள் கூராக்கப்பட்டு நிற்கும். பழைய கலண்டர் தாள் ஒன்றை விரித்து, அதன் மேல்தான் சீவுவார். சீவின தூளை மடித்துத் தானே கொண்டுபோய்க் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வந்து இருப்பார். பைலில் குறிப்பு எழுதுவதும் பென்சிலால்தான், சரி போடுவதும் பென்சிலால்தான். முதலில் நான் அதைச் சிக்கனம் என்று நினைத்தேன். என் கணவர் அதற்கும் ஒரு படி மேலே போய், "பாத்தீரோ, எவ்வளவு நிதானமான ஆள்" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். பென்சிலைக் கண்டாலே அவருக்கு மரியாதை வந்துவிடும்.

நாங்கள் வாங்க நினைத்த வீடு மன்னார் வீதியில், பூவரசங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, கிழக்குப் பார்த்த குசினி, தண்ணீர் வற்றாத கிணறு. வன்னியில் வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும், இங்கே முக்கால்வாசிக் காணி அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் கொடுத்தது. அதை ஈடாக வைத்து எந்த வங்கியும் கடன் தராது. சொந்த உறுதிப் பத்திரம் உள்ள காணியில், எங்கள் சம்பளத்துக்கு எட்டுகிற வீடு அது ஒன்றுதான் அகப்பட்டது. போர் முடிந்து அகதி முகாமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து நாங்கள் இருந்ததெல்லாம் வாடகை வீடு. வீட்டுக்காரரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தால், நாங்கள் சாமான்களை ஓர் அறைக்குள் அடுக்கிவிட்டு கணவரைப் பெற்ற மாமியின் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும். எனக்கு மாளிகை வேண்டாம். நான் பூட்டி நான் திறக்கிற ஒரு கதவு வேண்டியிருந்தது.

வீட்டின் சொந்தக்காரர் ஒரு கத்தோலிக்க மாஸ்ரர். மனைவி தவறிவிட்டார், மகள் நோர்வேயில். மகள் அவரைத் தன்னோடு கூப்பிட விசாவுக்கு எழுதியிருந்தார்.

"விசா வரமட்டும் வீடு உங்களுக்குத்தான் பிள்ளை," என்றார் மாஸ்ரர். "சுவிசிலை இருந்தும் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் குடுக்கேல்லை. ஆனா விசா வந்திட்டா என்னாலை நிக்க ஏலாது. அதுக்கு முன்னம் காசோடை வாங்கோ."

முற்பணம் கொடுத்தோம். வங்கிக்குப் போனோம். கதிரை, தண்ணீர், புன்சிரிப்பு எல்லாம் கிடைத்தது. கேட்ட பத்திரங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, சந்தோசச் செய்தி சொல்கிற முகத்தோடு நிமிர்ந்து, "எல்லாம் வடிவா இருக்கு மிஸி. இன்னும் ஒண்டே ஒண்டுதான்," என்றார்.

அந்த ஒன்று மாஸ்ரரின் மனைவியின் மரண அத்தாட்சி. கொண்டு போனோம். பிறகு கிராம அலுவலரின் கடிதம். பிறகு அந்தக் கடிதத்தில் பிரதேச செயலகத்தின் முத்திரை. பிறகு வரைபடம் பழசு, நில அளவையாளரைப் பிடித்துப் புதிதாகக் கீறவேண்டும். நில அளவையாளர் அப்போது ஒட்டுசுட்டான் பக்கம் வேலையாகப் போயிருந்தார். யானை வேலியை உடைத்து எல்லைக் கல்லையும் புரட்டிவிட்டதாம், அவர் வந்து சேரும்வரை அதுவும் நின்றது. இதெல்லாம் வங்கிகளில் நடக்கிறதுதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரு துண்டில் எழுதித் தந்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார்.

"ஐயோ மிஸி, எல்லாத்தையும் ஒண்டாச் சொன்னா ஆக்கள் மனம் உடைஞ்சு போவினமெல்லே?"

எங்கள் மனம் உடையாமல் இருப்பதற்காக அவர் பட்ட பாடு அது.

தொலைபேசி எடுத்தால், "இப்பத்தான் உங்களை நினைச்சனான், நீங்கள் எடுக்கிறியள்" என்பார். மகனின் சளி போய்விட்டதா என்று கேட்பார். மாமியின் முழங்கால் நோவுக்கு நொச்சி இலை ஒத்தடம் சொல்லித் தந்தார். அது நன்றாகவே கேட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் வைத்தியம் பார்க்கப் போயிருந்தால் ஊருக்கு எவ்வளவு உபகாரமாக இருந்திருக்கும்! வீட்டுக்கடன் கேட்டு வந்தவர்களும் தப்பியிருப்பார்கள்.

செட்டிகுளத்து வியாபாரி ஒருவர் அவரிடம் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் மனிதர், கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் ஒன்றை வாங்கக் கடன் கேட்டிருந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம், இவரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார். அன்று வியாபாரியின் பொறுமை போய்விட்டது. கதிரையில் இருக்கமாட்டேன் என்று நின்றபடியே கேட்டார்.

"சேர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் வேற பேங்கைப் பாக்கிறன்."

"ஏன் நானா ஏலாது? ஏலும்."

"அப்ப எப்ப கிடைக்கும்?"

"கிடைக்கும். வேலை நடந்துகொண்டிருக்கு."

"அல்லாவுக்காகச் சேர், ஏலாதெண்டாவது சொல்லுங்கோ!"

"அந்தச் சொல்லு என்ரை வாயிலை வராது நானா," என்று அவர் கைகூப்பினார். "இன்னும் ஒண்டே ஒண்டுதான்."

கடன் கேட்டுக் கெஞ்சுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு 'இல்லை'க்காக ஒரு மனிதர் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன். வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போது வியாபாரி என்னைப் பார்த்து, "தங்கச்சி, உவர் தரவும் மாட்டார், விடவும் மாட்டார். உங்கட பத்திரத்த வாங்கிக்கொண்டு ஓடிப் போங்கோ" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். எங்கள் பைல் தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதென்று அதற்கு முதல் வாரம்தான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. போய்விட்டதென்று சொன்ன வாய் எது என்பதை நான் யோசிக்கவில்லை.

வைகாசி மாதம் முடியப் போகிற நேரம். ஒருநாள் அவர் மேசை லாச்சியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். கடன் கேட்க வருகிறவர்களுக்கு நாள் பார்த்துச் சொல்வதும் அவருடைய சேவைகளில் ஒன்று.

"மிஸி, ஆனியிலையும் ஆடியிலையும் புது வீட்டிலை பால் காச்ச ஏலாது. ஆவணியிலை உங்கடை மனிசன்ரை நட்சத்திரத்துக்கு நாள் இல்லை. வாற வெள்ளி விடியக் காச்சிப்போடுங்கோ. உரிமையை ஊண்டிப்போட்டா காசு தன்ரை பாட்டிலை வரும்."

"கடன் வரமுன்னமோ அண்ணை?" என்றேன். அதற்குள் நான் அவரை அண்ணை என்று கூப்பிடுகிற அளவுக்கு வந்திருந்தேன்.

"கடன் சரி மாதிரித்தானே. கடிதம் வாறதுதான் மிச்சம்."

மாஸ்ரரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டு வீட்டுத் திறப்பைத் தந்தார். "காச்சுங்கோ பிள்ளை. என்ரை மாதா ஒண்டும் சொல்லமாட்டா." அவர் அந்த வாரம் மடு மாதா கோவிலுக்குப் போக இருந்தார், வீடு சும்மாதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடியக் குசினியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். வாசலில் மாவிலை, உள்ளே நிறைகுடம், சுவரில் மாமி கொண்டுவந்த பிள்ளையார் படம். பால் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. நல்ல திசை. மாமி இரண்டு கையாலும் கும்பிட்டார். வழிந்த பால் சீமெந்துத் தரையில் ஒரு கோடாக ஓடிக் காய்ந்தது. நான் துடைக்கப் போனேன். "அதை விடும். அது எங்கடை அடையாளம்," என்று மாமி தடுத்துவிட்டார். எல்லாரும் விறாந்தைக்குப் போன பிறகு நான் குசினித் தரையில் இருந்து, அலுமாரியை எந்தச் சுவரோடு வைக்கலாம் என்று யோசித்தபடி அழுதேன். சந்தோசத்தில்தான்.

பால் காய்ச்சிய வீட்டில் அன்றிரவு ஆள் படுக்க வேண்டும். படுத்தோம். விளக்கையும் படத்தையும் பாயையும் எடுக்கக்கூடாது என்று மாமி சொன்னார். எடுக்கவில்லை.

அடுத்த கிழமை வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டைப் பார்க்க வந்தார். தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லப்பட்ட பைலுக்கு மதிப்பீடே நடந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. வந்தவர் விறாந்தையில் மாதாவைக் கண்டார், குசினியில் பிள்ளையாரைக் கண்டார். பாயையும் பானையையும் கண்டார். விற்கிறவர் கத்தோலிக்கர் என்று பத்திரத்திலேயே இருக்கிறது. வாங்குகிறவர்கள் ஏற்கெனவே குடிபுகுந்துவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அவரில் பிழையில்லை, கண்டதை எழுதினார். பேனையால் எழுதினார்.

முகாமையாளர் எங்களைக் கூப்பிட்டார். கடன் கிடைக்கமுன்னம் வீட்டுக்குள் எப்படிப் போனீர்கள், அப்படியென்றால் வேறு வழியால் காசு கொடுத்து முடித்துவிட்டீர்களா, பிறகு கடன் எதற்கு என்று கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது.

"இவர்தான் சேர் நாள் பாத்துச் சொன்னவர்," என்று நான் பக்கத்தில் நின்றவரைக் காட்டினேன்.

அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. அதே தாலாட்டுக் குரலில், "நானோ? மிஸி, நான் பொதுவா நல்ல நாள் எண்டுதானே சொன்னனான். வீட்டுக்கை போகச் சொன்னனானோ?" என்றார். சொல்லிக்கொண்டே, கையில் இருந்த எங்கள் பைலின் மூலையில் அழிறப்பரால் எதையோ அழித்துக்கொண்டிருந்தார். அழித்த தூளை வாயால் ஊதாமல் விரலால் ஒதுக்கினார். முகாமையாளரின் மேசையில் விழுந்துவிடக் கூடாதே என்ற கவனம்.

அந்தப் பென்சிலின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்த மனிதர் தன் வாழ்க்கையில் எதையும் சொல்லவில்லை, எதையும் செய்யவில்லை. யார் வந்து கேட்டாலும் அவருடைய கையெழுத்து எந்த இடத்திலும் இராது. அதைத்தான் ஊர் நல்ல குணம் என்கிறது.

வீதிக்கு வந்ததும் என் கணவர், "பயந்திட்டார் போலை, பாவம்" என்றார். நான் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மதிப்பீட்டாளர் திரும்ப வர வேண்டும், நாங்கள் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும், மாஸ்ரர் வீடு தன் கையில்தான் இருக்கிறதென்று எழுதித் தரவேண்டும். எல்லாவற்றையும் ஓடி ஓடிச் செய்தோம். நான் இரவு வேலை முடித்துக்கொண்டு நேரே காணிப் பதிவகத்துக்குப் போய்ப் படியில் நித்திரையாகியிருக்கிறேன். மாமி அழுதுகொண்டு பிள்ளையாரை மடியில் வைத்துத் திரும்பக் கொண்டுவந்தார். ஆடி போய் ஆவணி வந்தது. கதிரை, தண்ணீர், "நடந்துகொண்டிருக்கு மிஸி."

மாஸ்ரர் ஒருநாள் ஆஸ்பத்திரிக்கே வந்தார். வாட்டுக்கு வெளியே, வாங்கில் இருக்காமல் நின்றார். கண்டவுடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"விசா வந்திட்டுது பிள்ளை. நான் எவ்வளவோ இழுத்துப் பாத்தனான். மகள் ரிக்கற்றும் போட்டிட்டாள்." முற்பணம் முழுவதையும் ஒரு கடித உறையில் கொண்டுவந்திருந்தார். உடன்படிக்கைப்படி அவர் அதைத் திருப்பித் தரத் தேவையில்லை. "வீட்டைச் சுவிஸ்காரருக்கு எழுதிப்போட்டன். என்னை மன்னியுங்கோ."

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரா? அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் தாதி, மற்றவர்களைத் தேற்றிப் பழகியவள். அவரைத் தேற்றி அனுப்பிவிட்டு, மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்திரங்களைத் திருப்பி எடுக்க வங்கிக்குப் போனேன். அவர் எழுந்தார், கதிரையை இழுத்தார். நான் இருக்கவில்லை. "ஐயோ மிஸி, மாஸ்ரர் அவசரப்பட்டிட்டார். இன்னும் ஒண்டே ஒண்டுதான் இருந்தது" என்றார். பைலை எடுத்துத் தந்தது பக்கத்து மேசைப் பிள்ளை, புதிதாக வேலைக்கு வந்தவள். கொடுக்கமுன்னம் புரட்டிப் பார்த்தவள் வெகுளியாகக் கேட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கே மிஸி? இரண்டாவது மதிப்பீடும் எப்பவோ வந்திட்டுது. சேர் கையெழுத்து வைச்சு மேலை அனுப்பிறதுதான் மிச்சம்."

அந்த ஒன்றே ஒன்று அதுதான். கிராம அலுவலர் தந்தார், நில அளவையாளர் தந்தார், மாஸ்ரர் தந்தார், செத்துப்போன அவருடைய மனைவிகூட அத்தாட்சி தந்தார். இவருடைய ஒரு கையெழுத்து மட்டும் வரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் பழைய கலண்டர் தாளை விரித்துப் பென்சில் சீவத் தொடங்கியிருந்தார்.

பிறகு நாங்கள் வேறொரு வங்கிக்குப் போனோம். அங்கே இருந்தவர் சரியான சிடுமூஞ்சி. கதிரை தரவில்லை. கேட்டதில் பாதிக்கு முகத்துக்கு நேரே, "அது ஏலாது" என்றார். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கடன் வந்தது. குருமன்காட்டுக்கு அப்பால் ஒரு சின்ன வீடு, ஓர் அறை குறைவு, குசினி மேற்குப் பார்த்தது. கதவு மட்டும் எங்களுடையது. பூட்டித் திறக்கிறோம்.

அந்த வீட்டில் பால் காய்ச்சிய நாளில் அவரும் வந்தார். அழைத்தது என் கணவர்தான், வேறு யார்? முன் வரிசைக் கதிரையில் இருந்து, எங்கள் சொந்தக்காரருக்கு அவர் சொல்லிக்கொண்டிருந்தது குசினிவரை கேட்டது. "முந்தின வீட்டுக்கு நான்தான் ஓடித் திரிஞ்சனான். என்ன செய்யிறது, அங்கை பால் தெற்காலை வழிஞ்சிட்டுது. அப்பவே எனக்கு மனதிலை பட்டது, சரிவராதெண்டு."

தெற்காலை! நான் கையில் பால் தட்டோடு நின்றேன். பிறகு விறாந்தைக்குப் போய் எல்லாருக்கும் கொடுத்தேன். அவரிடம் வந்ததும் தட்டில் ஒன்றும் மிச்சமில்லாதபடி பார்த்துக்கொண்டேன்.

"இருங்கோ அண்ணை, வந்துகொண்டிருக்கு."

இரண்டாம் முறை போனேன். அவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்குக் கொடுத்தேன். "இன்னும் ஒண்டே ஒண்டுதான் அண்ணை." குசினிக்குள் மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆட்கள் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள், போனார்கள். அவருக்குக் குத்தவில்லை. கோபம் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, மடியில் கைவைத்து, தன்பாட்டில் இருந்தார். கடைசியில் என் கணவர்தான் ஆறி ஆடை படிந்த பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நல்ல பால்," என்றார் குடித்துவிட்டு. பிறகு என்னைப் பார்த்து, "வீடு வடிவு மிஸி. நான் இன்னும் வாடகைக்குத்தான். ஊழியர் கடனுக்கு நானும் எழுதி வைச்சனான், கன காலம். பைல் என்ரை லாச்சிக்கைதான் கிடக்கு. வாற வருசம் பென்சன், அதுக்கு முன்னம் எடுக்கோணும்."

"என்ன மிச்சம் அண்ணை?"

"ஒண்டுமில்லை," என்று சிரித்தார். "ஒரு கையெழுத்துத்தான்."

அவர் படலையைத் திறந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் கணவர், "பாவமப்பா" என்றார். எனக்கும் இரக்கம் வரப் பார்த்தது. நான் விடவில்லை. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பேருக்கு இரங்குகிறேன், இவருக்கு வேண்டாம்.

மன்னார் பஸ்ஸில் போகும்போது பூவரசங்குளத்துக்கு முன்னால் நான் யன்னல் பக்கம் திரும்புவேன். சுவிஸ்காரர் வாங்கிய பிறகு ஒருமுறை வந்து படலைக்குப் பெயின்ற் அடித்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள். வீடு பூட்டியே கிடக்கிறது. முற்றத்தில் இடுப்பளவு புல். உள்ளே கூட்டவோ கழுவவோ ஆளில்லை. அந்தக் குசினிச் சீமெந்தில் எங்கள் பால் இன்னும் காய்ந்து கிடக்கும், கிழக்குப் பக்கமாக.